பூமியைச் சூடாக்குவது யார்? சூரியனா, எரிமலையா, மனிதனா?

150 வருடங்களுக்கு மேல் நடந்த ஒரு பெரிய விவாதத்தின் கதை

"இந்த வருடம் வெயில் ரொம்ப ஜாஸ்தி!"

சித்திரை பிறந்தால் டீக்கடைகளில் இந்தப் பேச்சுதான்.

"எல்லாம் கார், லாரி விடும் புகையால் வந்த வினை" என்று ஒருவர் சொல்வார்.

பெஞ்சில் இருக்கும் பெரியவர் விடமாட்டார். "தாது வருஷப் பஞ்சத்தின்போது கார் ஓடியதா, லாரி ஓடியதா? மழை பெய்வதும் பொய்ப்பதும் இயற்கை. மனிதனால் என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்பார்.

பெரியவர் கேட்பது நல்ல கேள்வி. படித்த பெரிய விஞ்ஞானிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதில் சொல்ல 150 வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

தாது வருடப் பஞ்சம் 1876-ம் ஆண்டில் தொடங்கி 1878-ம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். பசிபிக் மகாசமுத்திரத்தின் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடானதால் பருவமழை பொய்த்தது என்று இப்போது விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். இதற்கு "எல் நினோ" என்று பெயர். அது மனிதன் செய்த வேலை அல்ல. (மக்கள் பட்டினி கிடந்தபோதும் இங்கிருந்து தானியம் கப்பலேறியதே, அது மனிதன் செய்த வேலை. அது வேறு கதை.)

இன்னும் பழைய கதையும் உண்டு. சுமார் 20 ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் கனடா நாடும் ஐரோப்பாவின் வடக்குப் பகுதியும் பனிக்கட்டிக்கு அடியில் புதைந்து கிடந்தன. லண்டன் நகரில் ஓடும் தேம்ஸ் நதி குளிர்காலத்தில் உறைந்துபோய், அதன்மேல் கடை போட்டுத் திருவிழா நடத்தியிருக்கிறார்கள். கடைசித் திருவிழா 1814-ம் ஆண்டில் நடந்தது.

ஆகவே, சீதோஷ்ண நிலை தானாகவும் மாறும். இதை எந்த விஞ்ஞானியும் மறுக்கவில்லை.

கேள்வி அது அல்ல. இப்போது நடக்கும் மாற்றத்துக்கு யார் காரணம் என்பதுதான் கேள்வி.

ஒன்றரை டிகிரி காய்ச்சல்

2024-ம் ஆண்டுதான், மனிதன் கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு மிகவும் சூடான ஆண்டு. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் இருந்ததைவிட, உலகின் சராசரி உஷ்ணம் அந்த ஆண்டில் சுமார் ஒன்றரை டிகிரி சென்டிகிரேடு கூடுதலாக இருந்தது.

"பூ! ஒன்றரை டிகிரிதானா?" என்று நினைக்கவேண்டாம்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் உடம்பு ஒன்றரை சென்டிகிரேடு கூடினால், தெர்மாமீட்டர் 101 டிகிரி காட்டும். நீங்கள் டாக்டரிடம் ஓடுவீர்கள். ஐரோப்பாவைப் பனிக்கட்டி மூடியிருந்ததே, அந்தக் காலத்துக்கும் தொழிற்சாலைகள் வருவதற்கு முந்திய காலத்துக்கும் உலக சராசரியில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 6 டிகிரிதான்!

காரணம் யாராக இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. சூரியன்தான் காரணம் என்றால் நம்மால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. குடை பிடிக்கலாம். கிணற்றை ஆழப்படுத்தலாம். மனிதன்தான் காரணம் என்றால், அவன் நினைத்தால் நிறுத்தவும் முடியும். இந்த விவாதத்தில் இவ்வளவு சூடு இருப்பதற்கு அதுதான் காரணம்.

கண்ணாடிக் குழாயும் ஒரு பெண்ணும்

1856-ம் ஆண்டு. அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்று ஒரு பெண்மணி இருந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்ட முதல் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அவர் கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரணக் காற்று. இன்னொன்றில் கரியமிலவாயு. உள்ளே தெர்மாமீட்டர்களைப் பொருத்தினார். வெயிலில் வைத்தார்.

கரியமிலவாயு இருந்த குழாய் அதிகமாகச் சூடாயிற்று. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் அது ஆறுவதற்கு வெகு நேரம் பிடித்தது.

காற்றில் இந்த வாயு அதிகமானால் பூமியும் சூடாகும் என்று அந்த அம்மாள் எழுதினார். விஞ்ஞானிகள் மகாநாட்டில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அவர் அல்ல. அவருக்காக ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி வாசித்தார். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 150 வருடங்களுக்கு மேல் கழித்து, 2011-ம் ஆண்டில், பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அவர் யார் தெரியுமா? பெட்ரோலியத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நிபுணர்!

பூட் அம்மையார் சோதனை நடத்திய 3 வருடங்களில், லண்டனில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி நுட்பமான கருவி ஒன்றைச் செய்தார். காற்றில் பெரும் பகுதியாக இருக்கும் நைட்ரஜனும் பிராணவாயுவும் வெப்பக் கதிர்களைத் தடுக்கவில்லை என்று கண்டார். மிகச் சிறிய அளவில் இருக்கும் நீராவியும் கரியமிலவாயுவும்தான் தடுக்கின்றன.

இதை நாமே உணரலாம். பகலில் வெயில் காய்ந்த மொட்டை மாடியில் ராத்திரி பாயை விரித்துப் படுத்தால், தளத்திலிருந்து உஷ்ணம் கிளம்பி முதுகைச் சுடும். அந்த உஷ்ணம் ஆகாயத்துக்குப் போயாகவேண்டும். மேகம் இல்லாத இரவில் சீக்கிரம் போய்விடும். விடியற்காலையில் குளிரும். மேகம் மூடிய இரவில் போகாது. விடிய விடியப் புழுக்கம்தான்!

கரியமிலவாயுவும் பூமிக்கு இப்படி ஒரு போர்வை. போர்வையே கூடாது என்பது அல்ல. அது அடியோடு இல்லை என்றால் பூமியின் சராசரி உஷ்ணம் ஜீரோவுக்குக் கீழே 18 டிகிரி ஆகிவிடும். கடல் உறைந்துவிடும். போர்வையின் கனம் கூடுவதுதான் தொல்லை.

கணக்குப் போட்ட சுவீடன்காரர்

கனம் கூடினால் எவ்வளவு சூடு ஏறும்? அதைக் கணக்கிட்டவர், சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கணக்குப் போட்டார்.

காற்றில் கரியமிலவாயு இரண்டு மடங்கு ஆனால், பூமியின் உஷ்ணம் 5 முதல் 6 டிகிரி வரை கூடும் என்று 1896-ம் ஆண்டில் அறிவித்தார். இன்றைய விஞ்ஞானிகள் போடும் கணக்கு சுமார் 3 டிகிரி. பென்சிலால் போட்ட கணக்கு என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

அவர் பயப்படவில்லை! குளிரில் நடுங்கும் சுவீடனுக்குக் கொஞ்சம் உஷ்ணம் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தார். அன்று எரிந்த நிலக்கரியைப் பார்த்து, இரண்டு மடங்காக ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடிக்கும் என்றும் நினைத்தார்.

மற்ற விஞ்ஞானிகள் என்ன சொன்னார்கள்? "தவறு" என்றார்கள்.

அதே சுவீடனைச் சேர்ந்த ஆங்ஸ்ட்ராம் என்பவர் 1900-ம் ஆண்டில் ஓர் ஆட்சேபம் கிளப்பினார். இப்போது இருக்கும் கரியமிலவாயுவே தடுக்க வேண்டிய கதிர்களை எல்லாம் தடுத்துவிட்டது, மேலும் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்றார். கறுப்புத் துணியால் மூடிய ஜன்னலுக்கு இன்னொரு கறுப்புத் துணி எதற்கு என்பதுபோல!

ஏறக்குறைய 50 வருடங்கள் எல்லோரும் இதை நம்பினார்கள். பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? ராணுவத்தில் இருந்து! இரண்டாவது உலகப்போருக்குப் பிறகு, விமானங்களின் சூட்டை வைத்தே அவற்றைக் கண்டுபிடிக்க அமெரிக்க ராணுவம் விரும்பியது. அதற்காக வெப்பக் கதிர்கள் காற்றில் எப்படிப் போகின்றன என்று நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். அந்த விவரங்களை வைத்து, கில்பர்ட் பிளாஸ் என்பவர் 1956-ம் ஆண்டில் கணக்கைத் திரும்பப் போட்டார்.

காற்று ஒரே ஒரு துணி அல்ல. பல அடுக்குத் துணி. கீழே அடர்த்தி. மேலே போகப் போக மெல்லிசு. உஷ்ணம் கடைசியில் தப்பிப்போவது அந்த மெல்லிய மேல் அடுக்கில் இருந்துதான். அங்கே கொஞ்சம் கரியமிலவாயு சேர்ந்தாலும் வித்தியாசம் உண்டு. ஆங்ஸ்ட்ராம் சொன்னது நிற்கவில்லை.

இதற்கு நடுவில் இங்கிலாந்தில் ஒரு நீராவி என்ஜினீயர் இருந்தார். பெயர் காலண்டர். (நாம் சுவரில் மாட்டும் காலண்டர் அல்ல!) ஓய்வு நேரத்தில், உலகம் எங்கும் உள்ள 147 இடங்களின் உஷ்ணக் கணக்குகளைச் சேகரித்தார். பூமி ஏற்கனவே சூடாகத் தொடங்கிவிட்டது, அதற்கு நிலக்கரிப் புகைதான் காரணம் என்று 1938-ம் ஆண்டில் வானிலை நிபுணர்கள் கூட்டத்தில் கூறினார். நிபுணர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். நம்பவில்லை.

எரிமலை உச்சியில் ஒரு பெட்டி

"அவ்வளவு கரியமிலவாயுவும் காற்றிலா தங்கப்போகிறது? கடல் குடித்துவிடும்" என்பது அடுத்த ஆட்சேபம். அளந்து பார்க்காமல் இதற்கு முடிவு சொல்ல முடியாது.

அளந்தவர் சார்லஸ் கீலிங். 1958-ம் ஆண்டு மார்ச் மாதம், ஹவாய் தீவில் மவுனா லோவா என்ற மலையில் தன் கருவியை வைத்தார். 11 ஆயிரம் அடி உயரம். ஆலை இல்லை. வண்டி இல்லை. நடுக்கடலில் இருந்து வரும் சுத்தமான காற்று.

10 லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு கரியமிலவாயு இருப்பதாகக் கருவி காட்டியது.

மே மாதம் வரை ஏறியது. பிறகு அக்டோபர் வரை இறங்கியது. அடுத்த வருடமும் அப்படியே! பூமியின் வடபாதியில் கோடைகாலத்தில் மரங்கள் தழைக்கும்போது வாயுவை இழுத்துக்கொள்கின்றன. இலை உதிர்ந்து மக்கும்போது விடுகின்றன. பூமியே மூச்சு விடுவதை மனிதன் முதன்முறையாகப் பார்த்தான்.

இன்னொன்றையும் கீலிங் கவனித்தார். இறங்கும்போது பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் முந்திய வருடத்தைவிடச் சற்று மேலேயே நின்றது. மனிதன் வெளியிடும் கரியமிலவாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் நிலமும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில்தான் தங்குகிறது.

1964-ம் ஆண்டில் பண உதவி வெட்டப்பட்டதால், சில மாதங்கள் இந்த அளவு நின்றுபோனது. மற்றபடி கீலிங் விடவில்லை. 2005-ம் ஆண்டில் இறக்கும் வரை இதே வேலைதான். இன்று அவர் மகன் ரால்ப் கீலிங் தொடர்கிறார். 2025-ம் ஆண்டு மே மாதத்தில் சராசரி 430-ஐத் தாண்டியது.

முன்பு எவ்வளவு இருந்தது? அதற்கும் சாட்சி உண்டு. தென் துருவத்துப் பனிக்கட்டியில் 3 ஆயிரம் மீட்டருக்கு மேல் துளை போட்டு எடுத்தார்கள். அந்தக் கட்டிக்குள் பழங்காலத்துக் காற்று சிறு சிறு குமிழிகளாகச் சிறைப்பட்டிருக்கிறது. அதை அளந்தார்கள். 8 லட்சம் வருடங்களில் ஒருமுறைகூட 300 பங்கை அது தாண்டவில்லை. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் இருந்தது 280.

"எரிமலைதான் காரணம்!"

வாயு கூடியது உண்மை. ஆனால் அது மனிதன் விட்ட வாயு என்று எப்படிச் சொல்ல முடியும்? எரிமலை விட்டதாக ஏன் இருக்கக் கூடாது?

பால்காரர் பாலில் தண்ணீர் கலந்தால் என்ன செய்கிறோம்? லாக்டோமீட்டரை விட்டுப் பார்க்கிறோம். காற்றுக்கும் அப்படி ஒரு பரீட்சை உண்டு.

கரி என்பது ஒரே ரகம் அல்ல. லேசான கரி உண்டு, சற்றுக் கனமான கரியும் உண்டு. செடி கொடிகளுக்கு லேசான கரி என்றால் பிரியம். அதையே அதிகமாக எடுத்துக்கொள்ளும். நிலக்கரி என்பது என்ன? கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணில் புதைந்த மரமும் செடியும்தான். ஆகவே அதிலும் லேசான கரி அதிகம். எரிமலை கக்கும் வாயுவில் இப்படி இல்லை.

இப்போது காற்றைச் சோதித்தால், கனமான கரியின் பங்கு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. வந்து சேர்வது, செடியாக இருந்து புதைந்த கரி. எரிமலைக் கரி அல்ல.

எரிமலைக்கு எதிராக இன்னொரு சாட்சியும் உண்டு. அடுப்பு எரிந்தால் பிராணவாயு செலவாகும். காற்றில் பிராணவாயுவும் குறைந்து வருகிறது! பயப்படவேண்டாம். குறைவது மிகவும் சொற்பம். மூச்சுத் திணறாது. ஆனால் இந்தக் குறைவு, நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய்க் கணக்கோடு பொருந்துகிறது. இதை நுட்பமாக அளந்து காட்டியவரும் ரால்ப் கீலிங்தான். எரிமலை கரியமிலவாயுவை விட்டால் பிராணவாயு ஏன் குறையவேண்டும்?

அளவிலும் ஒப்பிட முடியாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தும், சிமெண்டு செய்தும் மனிதன் வருடத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமிலவாயு விடுகிறான். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது, இதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

பெரிய எரிமலை வெடித்தால் உலகம் சூடாவதில்லை. குளிருகிறது! பிலிப்பைன்ஸ் நாட்டில் பினட்டுபோ எரிமலை 1991-ம் ஆண்டில் வெடித்தது. அது கக்கிய கந்தகப் புகை ஆகாயத்தில் திரைபோலப் பரவியது. உலகத்தின் உஷ்ணம் ஒன்று, இரண்டு வருடங்களுக்கு ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது.

1940 முதல் 1970 வரையிலான காலத்தில் பூமி சூடாவது ஏன் நின்றது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. போருக்குப் பிறகு பெருகிய ஆலைகளும் இதே கந்தகப் புகையைக் கக்கின. அது வெயிலைக் கொஞ்சம் மறைத்தது. ஊர் மூச்சுத் திணறியதால் பிறகு பல நாடுகள் அந்தப் புகையைக் கட்டுப்படுத்தின. திரை விலகியது. உஷ்ணம் ஏறியது.

"சூரியன்தான் காரணம்!"

சூரியன்மேல் சந்தேகப்படுவது நியாயமே. பூமிக்கு உஷ்ணம் வருவதே சூரியனிடம் இருந்துதானே!

1978-ம் ஆண்டு முதல், செயற்கைக்கோள்கள் சூரியனின் வெப்பத்தை அளந்து வருகின்றன. 11 வருடங்களுக்கு ஒருமுறை அது ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மொத்தத்தில் சூரியன் கூடுதலாகக் காயவில்லை. இந்தக் காலத்தில்தான் பூமி வேகமாகச் சூடாயிற்று.

இதைவிடப் பெரிய சாட்சி ஆகாயத்தில் இருக்கிறது.

சூரியன் அதிகமாகக் காய்ந்தால், மேலே உள்ள காற்றும் சூடாகவேண்டும். கீழே உள்ள காற்றும் சூடாகவேண்டும். போர்வை கனத்தால் அப்படி அல்ல. போர்வைக்குள் இருப்பவனுக்குச் சூடு. போர்வைக்கு வெளியே குளிர்! உள்ளே இருக்கும் சூடு வெளியே வராதே.

காற்றில் கரியமிலவாயு கூடினால் தரைப் பக்கம் சூடாகும், மேல் அடுக்கு குளிரும் என்று சியுகுரோ மனாபே என்ற ஜப்பானிய விஞ்ஞானியும், அவருடன் வேலை பார்த்த வெதரால்டு என்பவரும் 1967-ம் ஆண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

பிறகு பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்து பார்த்தன. கீழே சூடு. மேலே குளிர்!

சூரியன் நிரபராதி என்பதற்கு இது ஒன்றே போதும் என்பது இந்தக் கட்டுரையாளரின் அபிப்பிராயம். கைரேகையைப் பார்த்துத் திருடனைப் பிடிப்பதுபோல, ஒவ்வொரு காரணமும் விட்டுச்செல்லும் அடையாளத்தைப் பிரித்து அறியும் முறையை வகுத்தவர், ஜெர்மன் விஞ்ஞானி ஹாசெல்மான். மனாபேயும் அவரும் 2021-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள். அப்போது மனாபேக்கு வயது 90!

சந்தேகப்பட்டவர் மனம் மாறினார்

அமெரிக்காவில் ரிச்சர்ட் முல்லர் என்று ஒரு பவுதிகப் பேராசிரியர். அவர் இதை நம்பவில்லை. உஷ்ணம் அளக்கும் இடங்கள் பல நகரங்களுக்குள் இருக்கின்றன, கட்டிடச் சூட்டைப் பூமியின் சூடு என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள், வேண்டிய இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள் என்று சந்தேகப்பட்டார். முட்டாள்தனமான சந்தேகங்கள் அல்ல.

முல்லர் வெறும் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. ஒரு குழு அமைத்தார். எண்ணெய்த் தொழிலில் பெரும் பணம் சேர்த்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அவருக்குப் பணம் கொடுத்தது. பூமி சூடாகவில்லை என்று அவர் நிரூபிப்பார் எனப் பலர் காத்திருந்தார்கள்.

ஒரு இடத்தையும் விடாமல், கிடைத்த கணக்குகளை எல்லாம் எடுத்தார்கள். நகரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். விடை மாறவில்லை. 250 வருடங்களில் பூமியின் நிலப்பரப்பு ஒன்றரை டிகிரி சூடாகியிருந்தது. காரணம் என்ன என்று சூரியனைப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. கரியமிலவாயுவைப் பொருத்தினார்கள். பொருந்தியது.

ஏறக்குறைய முழுக்க முழுக்க மனிதனே காரணம் என்று 2012-ம் ஆண்டில் முல்லர் பத்திரிகையில் எழுதினார். பணம் கொடுத்தவர்கள் என்ன நினைத்தார்களோ! தன் சந்தேகத்தைத் தானே சோதித்துப் பார்த்து, கிடைத்த பதிலை மறைக்காமல் சொன்னாரே, அவரைப் பாராட்ட வேண்டும்.

எல்லோரும் அப்படி இல்லை. எக்சான் என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனியின் விஞ்ஞானி ஒருவர், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகும் என்று 1977-ம் ஆண்டிலேயே தன் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். கம்பெனி விஞ்ஞானிகள் போட்ட கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே பலித்தன என்று 2023-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆனால் கம்பெனி வெளியே சொன்னது என்ன? "இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை" என்பதையே பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தது.

சென்னையில் பிறந்தவர் கண்ட அதிசயம்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். பெயர் வீரபத்ரன் ராமநாதன். சென்னையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தவர்.

படித்து முடித்ததும், செகந்திராபாத்தில் குளிர்பதனக் கருவி செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கருவிகளில் இருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் வேலை. பிடிக்கவில்லை. மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார்.

அங்கே போயும் அந்த வாயு அவரை விடவில்லை! குளிர்சாதனப் பெட்டியில் இருந்து கசியும் அந்த வாயு ஆகாயத்தில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 1975-ம் ஆண்டில் விடை கிடைத்தது. உலகம் திடுக்கிட்டது. அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் சுமார் 10 ஆயிரம் மூலக்கூறுகள் அளவுக்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது!

அதுவரை எல்லோரும் கரியமிலவாயுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வாயுக்களும் உண்டு என்று காட்டியவர் ராமநாதன்.

இந்த வாயு ஆகாயத்தில் உள்ள ஓசோன் படலத்தையும் அரித்தது. ஆகவே 1987-ம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, அதைப் படிப்படியாக நிறுத்த ஒப்பந்தம் செய்தன. நிறுத்தியும் காட்டின. அந்த வகையில் முக்கியமான வாயுக்கள் இப்போது காற்றில் குறைந்து வருகின்றன.

ராமநாதன் பிறகு நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் வந்தார். 1999-ம் ஆண்டில் இந்துமகாசமுத்திரத்தின்மேல் விமானங்களை அனுப்பி ஆராய்ந்தபோது, அழுக்குப் பழுப்பு நிறத்தில் புகைமேகம் பரந்து கிடப்பதை அவரும் மற்ற விஞ்ஞானிகளும் கண்டார்கள். வண்டிப் புகை, ஆலைப் புகை, விறகும் வறட்டியும் எரியும் புகை, எல்லாம் சேர்ந்த கலவை. அடுப்பை ஊதி ஊதிக் கண் எரியும் தாய்மார்களுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியது இல்லை.

சொல் ஒன்று, சண்டை பல மணி நேரம்

1988-ம் ஆண்டு ஜூன் மாதம், ஜேம்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானி அமெரிக்க செனட் கமிட்டி முன் சாட்சி சொன்னார். பூமி சூடாவது தற்செயல் அல்ல என்று 100-க்கு 99 பங்கு நிச்சயமாகக் கூறலாம் என்றார். அதே ஆண்டில், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில், உலக விஞ்ஞானிகள் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

இந்தக் குழு அவசரப்படவில்லை. 1990-ம் ஆண்டு அறிக்கையில், இயற்கையாகவும் இருக்கலாம், இன்னும் சொல்ல முடியாது என்றது. 1995-ம் ஆண்டில், மனிதனின் கை தெரிகிறது என்றது. "தெரிகிறது" என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் பல மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. எண்ணெய் விற்கும் சவுதி அரேபியாவும் குவைத்தும் ஆட்சேபித்தன.

2001-ம் ஆண்டில், மனிதன் காரணமாக இருக்க 100-க்கு 66 பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு என்றார்கள். 2007-ல் 90. 2013-ல் 95. 2021-ம் ஆண்டு அறிக்கையில் சதவீதமே இல்லை. சந்தேகத்துக்கு இடம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

இனி எதில் விவாதம்?

விவாதம் ஓயவில்லை. இடம் மாறிவிட்டது.

கரியமிலவாயு இரண்டு மடங்கானால் இரண்டரை டிகிரியா, நான்கு டிகிரியா என்று விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். மேகங்கள்தான் சிக்கல். சூடான உலகில் சில மேகங்கள் குடையாகும். சில போர்வையாகும். எது மிஞ்சும் என்பது கடினமான கணக்கு. நம் ஊர் பருவமழை எப்படி மாறும் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஒரு குறிப்பிட்ட புயலையோ வறட்சியையோ காட்டி, இதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதன் கூட்டியது எவ்வளவு என்று கேட்டால், ஒவ்வொன்றையும் தனியாக ஆராய்ந்துதான் சொல்லவேண்டும். எல்லாப் புயலுக்கும் கார் புகையே காரணம் என்று சொல்லுகிறவர்களும் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பெரிய சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. "மனிதன்" என்றால் எந்த மனிதன்?

ஓர் அமெரிக்கர் பங்குக்கு வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமிலவாயு. ஓர் இந்தியர் பங்குக்குச் சுமார் 2 டன். இன்று மொத்தக் கணக்கில் சீனாதான் முதலிடம். ஆனால் தொழிற்சாலைக் காலம் தொடங்கியது முதல் சேர்த்துக் கூட்டினால், அதிகமாக விட்ட நாடு அமெரிக்கா. இந்தியாவும் சும்மா இல்லை. தலைக்கு 2 டன் என்றாலும், தலைகள் 140 கோடி அல்லவா! மொத்தத்தில் மூன்றாவது இடம்.

"நீங்கள் எரித்துப் பணக்காரர் ஆனீர்கள், இப்போது எங்களை எரிக்காதே என்றால் எப்படி?" என்று ஏழை நாடுகள் கேட்கின்றன. "இப்போது அதிகம் எரிப்பது நீங்கள்தானே" என்று பணக்கார நாடுகள் சீனாவையும் இந்தியாவையும் பார்த்துச் சொல்லுகின்றன. 2015-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடி, உஷ்ணம் ஏறுவதை ஒன்றரை டிகிரியில் நிறுத்த முயலுவோம் என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. கரியமிலவாயுக் கணக்கை 2070-ம் ஆண்டுக்குள் நேர் செய்துவிடுவதாக இந்தியா 2021-ம் ஆண்டில் அறிவித்தது. பாரிஸ் ஒப்பந்தத்தில் இருந்து ஒரு தடவை விலகித் திரும்பிவந்த அமெரிக்கா, 2025-ம் ஆண்டு ஜனவரியில் மறுபடியும் விலகுவதாக அறிவித்துவிட்டது.

மவுனா லோவா எரிமலை 2022-ம் ஆண்டு நவம்பரில் வெடித்தது. நெருப்புக் குழம்பு சாலையை மூடியது. மின்சாரம் நின்றது. விஞ்ஞானிகள் கருவிகளை எதிரில் உள்ள மவுனா கியா மலைக்குக் கொண்டுபோய் அளவைத் தொடர்ந்தார்கள். அங்கேயும் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது.